53 நாழிகை என்றால் எத்தனை மணி?

2024 மார்ச் 17 – பாலக்கோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி

அப்பாவின் ஜாதக நோட்டு கிடைத்தது. 'செவ்வாய்க்கிழமை, உதயாதி நாழிகை 53' என்று எழுதியிருக்கிறது. பிறப்புப் பதிவில் உள்ள தேதிக்குக் கிழமை பார்த்தால் புதன் வருகிறது. கோட்டை விட்டது ஜோதிடரா, பதிவு எழுதியவரா? என்னைக் கேட்டால் நாழிகைக் கணக்கே குத்துமதிப்பு. வெள்ளைக்காரன் 24 மணி நேரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் நமக்கு நேரம் என்று ஒன்று வந்தது. மறுக்கிறவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 17, இரவு

யாரும் கோட்டை விடவில்லை. உதயாதி நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். நாழிகையை இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் மணி வந்துவிடும். 53ஐ இரண்டால் பெருக்கினால் 106, ஐந்தால் வகுத்தால் 21.2. அதாவது 21 மணி 12 நிமிடம். உதயம் ஆறேகால் என்று வைத்தால் உங்கள் அப்பா பிறந்தது விடியற்காலை மூன்றரைக்குச் சற்று முன். பதிவேட்டில் நள்ளிரவோடு செவ்வாய் முடிந்து புதன் பிறந்துவிட்டது. ஜோதிடருக்குச் சூரியன் எழும்வரை செவ்வாய்தான்.

வெள்ளைக்காரன் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். இரண்டு கார்டுக்குப் புரூப் பார்க்க வேண்டும்.

மார்ச் 18

தர்மபுரியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவன் நான். இந்தச் செவ்வாய்-புதன் தகராறு எனக்குத் தினப்படி பிழைப்பு.

முகூர்த்தம் விடியற்காலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள். பெண் வீட்டார் வந்து 'வியாழன் ராத்திரி, விடிஞ்சா வெள்ளி' என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளி என்பார்கள். கூட வரும் பெரியவர் பஞ்சாங்கத்தைப் பிரித்து, அது வியாழன் கணக்கு, கார்டில் வியாழன் என்றே போடு என்பார். அவர் சொல்வது சாஸ்திரப்படி சரி. ஆனால் அப்படிப் போட்டால் பாதி ஜனம் 24 மணி நேரம் முன்னாலேயே வந்து மண்டபத்து வாட்ச்மேனோடு டீ குடித்துக்கொண்டிருக்கும். நான் தேதியைப் பெரிதாகவும் கிழமையை வெள்ளி என்றும் போட்டுவிட்டு, நட்சத்திரம், திதி, யோகம் எல்லாம் அவர் சொன்னபடி சின்ன எழுத்தில் போட்டுவிடுவேன். பெரியவருக்கும் திருப்தி, சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கும் குழப்பமில்லை.

ரயில் டிக்கெட்டில் இதே கூத்து தலைகீழாக நடக்கும். மொரப்பூரில் நள்ளிரவு தாண்டி வண்டி. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்று இருக்கிறது. நம் ஆள் 15ஆம் தேதி பகல் முழுக்க வேலை பார்த்து, ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார். வண்டி முந்தின ராத்திரியே போயிருக்கும். என் மாமா ஒருவர் இப்படிப் போய் நின்றார். 'ராத்திரி 12 மணிக்குத் தேதி மாறுகிறது என்று எவன் கண்ணால் பார்த்தான்?' என்று கேட்டார். எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. கோழி கூவுவதைப் பார்க்கலாம், வெள்ளி முளைப்பதைப் பார்க்கலாம், 00.00 வருவதை எங்கே பார்ப்பது?

மார்ச் 18, பிறகு

ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். உதயம் ஆறேகால் என்று நான் வைத்தது சும்மா ஒரு கணக்குக்கு. தர்மபுரியில் ஜூன் நடுவில் 5.53க்கே சூரியன் வந்துவிடும், ஜனவரி கடைசியில் 6.43 ஆகும். அப்பா பிறந்த மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சாங்கத்தில் சென்னை உதயம் போட்டிருந்தால் நமக்கு எட்டு நிமிடம் கூட்ட வேண்டும். சூரியன் ஒரு பாகை தாண்ட நாலு நிமிடம். சென்னைக்கும் நமக்கும் இரண்டு பாகைக்குச் சற்று மேல் இடைவெளி.

மார்ச் 20

இப்போது வெள்ளைக்காரன்.

நேரம் அளப்பது இங்கே புதிதில்லை. அடியில் பொடி ஓட்டை போட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிரம்பி மூழ்கும். ஒரு முழுக்கு ஒரு நாழிகை. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனிடம் நீர்க்கடிகாரத்தைப் பார்த்து 'இத்தனை ஆயிற்று' என்று சொல்லவே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் 'பொய்யா மாக்கள்' என்று பட்டம் வேறு. இதைக் குத்துமதிப்பு என்றால் எப்படி?

நான் சண்டைக்கு வருவது அதற்காக இல்லை. 24 என்ற கணக்கை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்பதற்காக. பஞ்சாங்கத்தில் ஓரை என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? ஒரு நாளுக்கு 24 ஓரை, ஓரைக்கு ஒரு மணி நேரம். அதற்கும் கம்பெனிக்காரனுக்கும் சம்பந்தமில்லை.

24இன் பூர்வீகம் எகிப்து. இரவில் வரிசையாக உதிக்கும் நட்சத்திரக் கூட்டங்களை வைத்து இரவைப் 12 ஆகவும், நிழலை வைத்துப் பகலைப் 12 ஆகவும் பிரித்தார்கள். கோடைப் பகலும் 12, குளிர்காலப் பகலும் 12. அப்படியானால் கோடையில் பகல் மணி நீளும், குளிரில் சுருங்கும். யாருக்கும் அது தொந்தரவாகப் படவில்லை. எல்லா மணியும் ஒரே நீளம் என்று வைத்தால் கணக்குப் போட வசதி என்று கிரேக்க வானியலாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். மணியை அறுபதறுபதாக வெட்டுவது பாபிலோனியரின் அறுபதுக் கணக்கிலிருந்து. கிரகங்களின் பெயரில் மணியும் கிழமையும் சேர்ந்தே ஜோதிடத்தோடு கிரேக்கர் வழியாக இந்தியாவுக்கு வந்தன. 484இல் எழுதிய எரண் தூண் கல்வெட்டில் வியாழக்கிழமை வருகிறது. 499இல் ஆரியபட்டர் ஓரைக்கு அதிபதி யார், கிழமைக்கு அதிபதி யார் என்று ஒரே சுலோகத்தில் முடித்துவிட்டார்.

நம் பக்கத்து நடுகற்களில் கிழமை தேடாதீர்கள். ராஜா பட்டத்துக்கு வந்து இத்தனையாவது ஆண்டு, இன்னான் தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான், அவ்வளவுதான். செத்தவனுக்கு மணி எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 21

'ஓரைக்கும் கிழமைக்கும் என்ன சம்பந்தம், அளக்காதீர்கள்' என்று ஒருவர். சரி, விரலை எடுங்கள்.

வானத்தில் மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வதுவரை வரிசை இது: சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். சனி ஒரு சுற்று வர 29 வருடத்துக்கு மேல், சந்திரன் 27 நாளில் முடித்துவிடும். இந்த வரிசையில் மணிக்கு ஒரு கிரகம். ஏழு முடிந்தால் மறுபடி சனி. நாளின் முதல் மணி யாருடையதோ அன்று அவர் கிழமை.

ஞாயிறு காலை முதல் மணி சூரியன். 24 மணியில் ஏழேழாக மூன்று முறை போனால் 21, மிச்சம் 3. ஆகவே மறுநாள் முதல் மணிக்கு மூன்று இடம் தாண்ட வேண்டும். சூரியனிலிருந்து சுக்கிரன், புதன், சந்திரன். திங்கள். அங்கிருந்து மூன்று: சனி, குரு, செவ்வாய். அப்புறம் சூரியன், சுக்கிரன், புதன். இப்படியே போனால் வியாழன், வெள்ளி, சனி என்று வாரம் தானாக வந்து விழும். வானத்தில் இல்லாத ஒரு வரிசை காலண்டரில் எப்படி வந்தது என்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது வேடிக்கை. மணிக்குப் பதில் நாழிகைக்கு ஒரு கிரகம் என்று வைத்துப் பாருங்கள். 60ஐ ஏழால் வகுத்தால் மிச்சம் 4. சூரியனிலிருந்து நாலு தாண்டினால் சனி. சனியிலிருந்து நாலு, சுக்கிரன். அப்புறம் குரு, புதன், செவ்வாய், சந்திரன். ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன் என்று வாரம் பின்னோக்கி ஓடும்! நாம் ஞாயிற்றுக்குப் பின் திங்களுக்கு எழுந்து வேலைக்குப் போகிறோம் என்பதே இங்கே 24 மணிக் கணக்கு எவ்வளவு பழையது என்பதற்குச் சாட்சி. நாழிகை நம் வீட்டுக் கணக்கு, வாரம் ஓரைக் கணக்கில் வந்த மருமகள். இரண்டும் ஒரே பஞ்சாங்கத்தில் குடும்பம் நடத்துகின்றன.

இந்த நாலு மிச்சத்தைக் கண்டதும் மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வெட்கமில்லை.

மார்ச் 22

தர்க்கம் போதும், அளந்து பார்ப்போம் என்று இன்று மாடிக்குப் போனேன். 'காட்டுத் துரும்பெடுத்து' என்று தொடங்கும் பழைய கணக்குப் பாட்டு ஒன்று உண்டு. பதினாறு விரல் நீளத்துக்கு ஒரு துரும்பு எடு. அதை மடக்கு. ஒரு பகுதி தரையில் படுத்திருக்கட்டும், ஒரு பகுதி செங்குத்தாக நிற்கட்டும். நிற்கும் பகுதியின் நிழல் படுத்த பகுதியின் நுனியில் சரியாக முடிகிற மாதிரி மடிப்பைத் தள்ளிக்கொண்டே போ. நிற்பது எத்தனை விரலோ, அத்தனை நாழிகை. காலையில் உதயத்திலிருந்து, பிற்பகலில் அஸ்தமனத்துக்கு மிச்சம்.

விளக்குமாற்றுக் குச்சி மடக்கினால் முறிகிறது. கார்டு பெட்டி கட்டி வரும் பிளாஸ்டிக் பட்டை நிற்காமல் சாய்கிறது. கடைசியில் கட்டுக் கம்பியைத்தான் எடுத்தேன். பேனாவால் பதினாறு கோடு. மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்த தரை, நிழல் கத்தி மாதிரி விழுகிறது. இவ்வளவு செய்தும் நுனி எங்கே முடிகிறது என்று பிடிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது, நிழலின் ஓரத்தில் எப்போதும் ஒரு மங்கல் இருக்கிறது.

காலை 8.45. நின்றது ஆறரை விரலுக்குக் கொஞ்சம் மேல். ஆறரை நாழிகை என்றால் 156 நிமிடம். உதயம் 6.20. கூட்டினால் 8.56. பதினோரு நிமிடம் முந்துகிறது. 10.30க்குப் பார்த்தேன். பத்து விரல், 240 நிமிடம், 10.20. இப்போது பத்து நிமிடம் பிந்துகிறது. செலவு ஒரு முழம் கம்பி. ஒரு நாழிகைக்கே 24 நிமிடம் என்னும்போது அரை நாழிகைக்குள் சொல்லிவிடுகிறது. எங்கள் தெருவில் மணி கேட்டால் இதைவிட மோசமாகச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 23

உச்சி வேளைக்குக் கம்பி ஏமாற்றிவிட்டது. 12.24க்குச் சூரியன் உச்சத்தில். நின்றது பதின்மூன்று விரலும் கொஞ்சமும். அதன்படி மணி 11.40 கூட ஆகவில்லை. காரணம் இருக்கிறது. பங்குனியில் உச்சி வேளையிலும் சூரியன் நம் தலைக்கு மேல் இல்லை, தெற்கே சாய்ந்து நிற்கிறது. அதனால் எப்படியும் ஒரு நிழல் மிஞ்சும். பாட்டு எழுதியவர் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிற நாளை மனதில் வைத்திருக்க வேண்டும். அந்த நாள் நம் ஊருக்கு ஏப்ரலில் வரும். அன்று மறுபடி பார்க்கிறேன்.

அப்புறம், '12 மணிக்கு இல்லாமல் 12.24க்கு எப்படி உச்சி?' என்று உடனே கேட்பீர்கள். இந்திய நேரம் மிர்சாப்பூர் பக்கம் ஓடும் 82½ பாகைக் கோட்டின் நேரம். தர்மபுரி அதற்கு மேற்கே நாலு பாகைக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதில் 17 நிமிடம் போச்சு. மீதி ஏழு பூமியின் நடை ஒரே சீராக இல்லாததால், மாதத்துக்கு மாதம் மாறும். 1906க்கு முன் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. அது இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்னால், நமக்குக் கொஞ்சம் நெருக்கம். துவாரகையில் ஒரு சூரியன், அருணாசலப் பிரதேசத்தில் ஒரு சூரியன், இடையில் இரண்டு மணி நேர வித்தியாசம், கடிகாரம் ஒன்றுதான். அசாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்து வேலை பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மார்ச் 27

ராகுகாலம் கேட்டிருக்கிறார்கள். தெரிந்ததுதான்: திருநாள் சந்தடியில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா. சொல்லின் முதலெழுத்துக்கு ஒரு கிழமை, தொடங்கும் நேரம் இது: திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30.

இது ஏன் ஒன்றரை மணி? பகல் 30 நாழிகை, அதில் அரைக்கால் பங்கு, அதாவது எட்டில் ஒன்று, மூன்றே முக்கால் நாழிகை. ஒன்றரை மணி. கார்டில் 4.30க்கு மேல் 6.00க்குள் என்று போடுகிற முகூர்த்தமும் அதே மூன்றே முக்கால். (வடமொழி நூல்களின் முகூர்த்தம் வேறு, அது இரண்டு நாழிகை, 48 நிமிடம்.) இரவில் சாமத்துக்கு ஏழரை நாழிகை, சிவராத்திரிக்கு நாலு கால பூஜை வருவது அதனால்தான். எல்லாம் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனது.

சிக்கல் எங்கே என்றால், பகலை எட்டாக வெட்டு என்றுதான் விதி. காலை 6 முதல் மாலை 6 வரையை வெட்டு என்று இல்லை. போன ஜனவரி 29 திங்கட்கிழமை. நமக்கு உதயம் 6.43, அஸ்தமனம் 6.18. எட்டால் வகுத்தால் பங்குக்கு 87 நிமிடம். இரண்டாம் பங்கு 8.10 முதல் 9.37 வரை. காலண்டர் தாளில் இருப்பது 7.30 முதல் 9. ராகுகாலம் முடிந்தது என்று ஒன்பது மணி அடித்ததும் கடை திறந்தவர் நட்ட நடு ராகுகாலத்தில் திறந்திருக்கிறார், வியாபாரமும் நடந்திருக்கும்.

எனக்கு இதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பதை விடுங்கள். நம்புகிறவர் உதயம் பார்த்து நம்ப வேண்டும் என்கிறேன். இதை ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னேன். 'ஊரே 9 மணி என்று வைத்திருந்தால் ராகுவும் 9 மணிக்குத்தான் போவான்' என்றார். பதில் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 3

மேலே நள்ளிரவு, உதயம் என்று அலசியதில் நடுப்பகலை விட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கடிகாரத்தால் வந்த ஒரே சண்டை நடுப்பகலில்தான் வந்தது.

காரிமங்கலத்துப் பக்கம் தாத்தாவுக்கும் சின்னத் தாத்தாவுக்கும் பொதுக் கிணறு. மாடு கட்டிக் கவலை இறைத்த காலம். ஏறுபொழுது ஒருவர், இறங்குபொழுது ஒருவர். வரப்போரம் நின்ற கல்லின் நிழல் எப்போது மிகக் குட்டையாகிறதோ அப்போது மாட்டை மாற்றுவார்கள். யாரும் பேசிக்கொள்ள வேண்டியதில்லை.

அப்புறம் மோட்டார் வந்தது. பெரியப்பா கையில் வாட்ச் வந்தது. சரியாகப் 12 மணிக்கு முறை மாறும் என்று பேசி முடித்தார்கள். காலை முறை எங்கள் பங்கு. அடுத்த தை மாதத்திலிருந்து அப்பா முணுமுணுக்க ஆரம்பித்தார், தண்ணீர் எட்டாமல் கடைசிப் பாத்தி காய்கிறது என்று. பெரியவர்கள் கண் திருஷ்டி என்றார்கள். சித்தப்பா மோட்டாரைச் சீக்கிரமே போடுகிறார் என்று சந்தேகம் வேறு. அவர் பாவம் 12 அடித்த பிறகுதான் போட்டார்.

இப்போது கணக்குப் போட்டால் தெரிகிறது. தையில் உதயம் 6.43. அங்கிருந்து 12 வரை 5 மணி 17 நிமிடம். 12இலிருந்து அஸ்தமனம் 6.15 வரை ஆறேகால் மணி. இறங்குபொழுதுக்காரருக்கு முழுதாக ஒரு மணி நேரம் கூடுதல். கார்த்திகை வாக்கில் பார்த்தால் உதயம் 6.15, அஸ்தமனம் 5.48, இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். அதனால்தான் மழைக்காலத்தில் சண்டை வராது, தையில் வரும். கல் நிழல் இந்த வம்பையெல்லாம் தானே பார்த்துக்கொண்டது.

இன்று அந்தச் சண்டைக்கே இடமில்லை. மும்முனை மின்சாரம் எந்த நேரம் வருகிறதோ அதுதான் முறை. நடு ராத்திரி செல்போன் அலாரம் வைத்து எழுந்து போகிறார்கள்.

ஏப்ரல் 9

யுகாதி. ஓசூர்ப் பக்கத்து வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள், கடை காலி. மற்ற ஊர்க் கூத்துகளைச் சொல்கிறேன்.

எத்தியோப்பியாவில் உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள், நம் காலை 7 மணி அவர்களுக்கு ஒரு மணி. இத்தாலியில் ஒரு காலத்தில் அஸ்தமனத்திலிருந்து 24 வரை எண்ணினார்கள். மணி 22 என்றால் வெளிச்சம் இன்னும் இரண்டு மணி நேரம் என்று வழிப்போக்கனுக்குத் தெரியும். எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது. ஜப்பானில் 1872 வரை பகலை ஆறாகவும் இரவை ஆறாகவும் பிரித்து, மணியை இறங்குமுகமாக அடித்தார்கள். நண்பகலுக்கு ஒன்பது, அடுத்து எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, நள்ளிரவில் மறுபடி ஒன்பது. மூன்று, இரண்டு, ஒன்று கிடையாது.

பிரான்சு புரட்சிக்காரர்கள்தான் உச்சம். 1793இல் நாளுக்குப் பத்து மணி, மணிக்கு நூறு நிமிடம், நிமிடத்துக்கு நூறு நொடி என்று சட்டம் போட்டார்கள். மீட்டர், கிலோ எல்லாம் நிலைத்தது, இது மட்டும் 1795இலேயே கைவிடப்பட்டது. பத்தை மூன்றால் வகுத்துப் பாருங்கள், ஏன் என்று தெரியும். 12ஐயும் 60ஐயும் பாதி, மூன்றில் ஒன்று, கால் என்று வகுத்தாலும் முழு எண் வரும். சந்தைக்காரன் பேச்சில் நிற்பது அந்த மாதிரி எண்தான்.

ஏப்ரல் 15

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பரின் குறிப்பு நல்ல குறிப்பு. சி ஷிப்ட், இரவு 10 முதல் காலை 6. வருகைப் பதிவில் அது ஆரம்பித்த தேதிக்கே போகிறதாம். அதாவது நள்ளிரவைத் தாண்டினாலும் விடியும்வரை அதே நாள். ஜோதிடர் கணக்கும் ஹெச்ஆர் கணக்கும் ஒன்று! பாலக்கோட்டு நண்பரே, உங்கள் அப்பா சி ஷிப்டில் பிறந்திருக்கிறார், செவ்வாய்க்கே வரவு வையுங்கள்.

அவரே நொடி எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டார். 1967இலிருந்து சீசியம் அணு சொல்வதுதான் நொடி, 9,192,631,770 அதிர்வு. அணு சீராக ஓடும், பூமி அப்படி ஓடாது. அதனால் 1972இலிருந்து 27 முறை ஒரு நொடியைச் செருகினார்கள். கடைசியாகச் செருகியது 2016 முடிவில், நமக்கு அது 2017 ஜனவரி 1 காலை. 5.29.59க்கு அடுத்து 5.30 வராமல் 5.29.60 வந்தது. 2035க்குள் இந்தச் செருகலை நிறுத்த 2022இல் தீர்மானம் ஆகியிருக்கிறது. அதாவது இனி சூரியனுக்காகக் கடிகாரம் காத்திருக்காது.

ஏப்ரல் 20

நேற்று ஓட்டு. 7 மணி முதல் 6 மணி வரை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 6 மணிக்கு வரிசையில் நிற்பவருக்கு டோக்கன் கொடுத்துவிட்டால் அவர் ஏழு மணிக்குப் போட்டாலும் அது 6 மணிக்குள் போட்ட ஓட்டு. முகூர்த்தத்திலும் அதேதான். 6.00க்குள் என்றால் தாலி ஏற வேண்டும், மூன்றாவது முடிச்சு 6.02க்கு விழுந்தால் யாரும் கேட்பதில்லை. நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் தொடங்கிய நேரம்தான் நேரம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நிழலில்லா நாள். தர்மபுரிக்கு இன்று, கிருஷ்ணகிரிக்கு நாளை அல்லது நாளை மறுநாள், ஓசூருக்கு 23. வடக்கே போகப் போக ஒரு நாள், இரண்டு நாள் தள்ளும்.

மாடியில் கம்பி, பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர், பக்கத்து வீட்டுப் பையன் இருவர். 12.10க்கு டம்ளரின் ஓரத்தில் ஒரு மயிரிழை. 12.16க்கு ஒன்றுமில்லை. டம்ளர் வெட்டி ஒட்டின படம் மாதிரி தரையில் உட்கார்ந்திருக்கிறது. பையன் தன் காலடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நிழல் செருப்புக்குள் போய்விட்டது என்றான். கால் சுட்டதால் அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

கம்பிக்கு வருவோம். நிழலே இல்லாததால் மடக்க வேண்டிய அவசியமில்லை, பதினாறு விரலும் நின்றது. 16 நாழிகை, 6 மணி 24 நிமிடம். உதயம் 6.02. கூட்டினால் 12.26. உண்மை உச்சி 12.16. பத்து நிமிடம்தான் பிசகு. பங்குனியில் 45 நிமிடம் விழுந்த அதே கம்பி. ஆக மார்ச் 23 அன்று எழுதியதை ஊகம் என்று விட வேண்டியதில்லை, பாட்டின் கணக்கு உச்சந்தலைச் சூரியனுக்குப் போட்டதுதான்.

ஏப்ரல் 24

கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு பேர் படம் எடுத்ததாகச் சொன்னார்கள், ஒருவருக்கு 22, ஒருவருக்கு 23. இரண்டும் சரி. ஊர் சரியாக இரண்டு நாளுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது, சூரியனும் ஒரு புள்ளி இல்லை, அரைப் பாகை அகலம்.

பாலக்கோட்டு நண்பர், அப்பா பிறந்தது மாசி மாதம் என்கிறார். அப்படியானால் உதயம் 6.35 வாக்கில், பிறந்தது மூன்றே முக்காலுக்கு. அதை 3.27 என்று எங்கும் எழுதி வைத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

சூரியன் திரும்பி வரும்போது ஆகஸ்ட் 20, 21 வாக்கில் மறுபடி நிழல் காணாமல் போகும், 12.20க்கு. அப்போது ஆவணி பிறந்திருக்கும், முகூர்த்த சீசன், மெஷினை விட்டு என்னால் நகர முடியாது. மேகம் இல்லாவிட்டால் வேறு யாராவது கம்பியோடு மாடிக்குப் போய் எத்தனை விரல் என்று இங்கே எழுதுங்கள்.